மேலிருந்து கீழாக ஒரு கம்பளிச் சட்டை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தராகிய நாம் இலக்கியச் சொற்பொழிவாற்றும் புலமை உடையோம் அல்லோம். பயனுள்ள பொருள் ஒன்றைப் பேசுமாறு தலைவர் பணித்தமையால், எம் கைகள் அறிந்த ஒன்றைப் பேச முற்பட்டோம். அது கம்பளி நூலால் ஸ்வெட்டர் பின்னும் கலை. ஆடவர் பேசத்தக்க பொருளோ இது எனச் சிலர் நகைக்கலாம். ஐரோப்பிய நகரங்களில் பின்னல் தொழிலாளர் குழுக்கள் சிறந்திருந்த காலத்தில் அவற்றில் பெரும்பாலும் ஆடவரே இருந்தனர் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

மதுரைச் சீமையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் மலையேறி வந்த நம் முன்னோர் கம்பளியைக் கொங்காணியாகத் தலையில் இட்டுக் கொழுந்து பறித்தனர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902 இல் ஒற்றைத் தண்டவாளமும், 1908 இல் இரண்டடி அகலப் பாதையும் அமைந்தன. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கயிற்றுப் பாதை வழியே போடிப் பக்கம் இறங்கின. 1924 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. பாதை போயிற்று, குளிர் போகவில்லை. மார்கழி, தை விடியலில் பள்ளிக்குச் செல்லும் நம் குழந்தைகளைப் பாருங்கள். சென்ற ஆண்டு வாங்கிய ஸ்வெட்டர் இவ்வாண்டு முழங்கைக்கு ஏறி நிற்கிறது. ஆண்டுதோறும் புதிது வாங்கக் கொழுந்துக் கூலி இடந்தருமா? இவ்வினாவே நம்மை இப்பொருளுக்கு இட்டு வந்தது.

முன், பின், இரு கைகள் எனத் தனித்தனியே பின்னித் தைத்து மூட்டுவது ஒரு முறை. கழுத்தில் தொடங்கி, தையலே இன்றி, வட்டமாகக் கீழ் நோக்கிப் பின்னிச் செல்வது மற்றொரு முறை. அமெரிக்க நாட்டுப் பார்பரா வாக்கர் அம்மையார் இம்முறையை விளக்கி 1972 இல் ஒரு நூலே வெளியிட்டார். இதில் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்து வரும் கோட்டிற்கு ராக்லன் என்று பெயர். 1815 இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயரால் வழங்குவது அது.

எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். கணக்கு நம் தொழில் அல்லவா! முதலில் சிறு சதுரம் ஒன்று பின்னி, அங்குலத்திற்கு ஐந்து கண்ணி வருகின்றதா என்று அளந்து கொள்க. இரு முனைகளையும் கம்பி இணைக்கும் வட்ட ஊசியில் 72 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றுக. தலை நுழைய வேண்டுமே! நேர்க்கண்ணி ஒன்று, எதிர்க்கண்ணி ஒன்று என மாற்றி மாற்றி ஓர் அங்குலம் கழுத்துப் பட்டை பின்னுக. பின்னர், முன்பக்கத்திற்கு 28, பின்பக்கத்திற்கு 28, கைக்கு எட்டெட்டு எனப் பிரித்து, நான்கு எல்லைகளிலும் வண்ண நூல் வளையம் இடுக. இனி எல்லாம் நேர்க்கண்ணியே. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், ஒவ்வோர் எல்லையின் இரு புறமும் ஒரு கண்ணி கூட்டுக. சுற்றுக்கு எட்டு கூடும். இவ்வாறு 17 முறை கூட்டினால் மொத்தம் 208 ஆகும்: முன் 62, பின் 62, கைகள் 42, 42.

கைக் கண்ணிகளைத் தனி நூலில் கோத்து நிறுத்துக. அக்குளுக்கு எட்டெட்டுப் புதுக்கண்ணி சேர்த்தால் உடலுக்கு 140. அஃதாவது 28 அங்குலச் சுற்று. வேண்டிய நீளம் பின்னி, இரண்டு அங்குலப் பட்டையிட்டு முடிக்க. பின்னர்க் கையின் 42 உடன் அக்குளின் எட்டையும் எடுத்து, 50 கண்ணியில் தொடங்குக. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டு குறைத்து, ஏழு முறையில் 36 ஆக்கி, மணிக்கட்டில் பட்டையிடுக. நடுவே எப்பொழுது வேண்டுமாயினும் குழந்தைக்கு அணிவித்து அளவு பார்க்கலாம்.

இதன் பெரும்பயனை இனிக் கேளுங்கள். பின்னல் முடித்த முனையிலிருந்து எளிதாகப் பிரியும். தொடங்கிய முனையிலிருந்து அவ்வாறு பிரியாது. மேலிருந்து பின்னிய சட்டையில் முடிவு கீழே இருக்கிறது. ஆதலால் குழந்தை வளர்ந்ததும் பட்டையைப் பிரித்து, இரண்டு அங்குலம் கூட்டிப் பின்னி, மீண்டும் பட்டையிடலாம். ஒரு நூலுருண்டைச் செலவில் மற்றோர் ஆண்டு கிடைக்கிறது!

கம்பளி நமக்கு அயற்பொருளும் அன்று. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965 முதல் மத்திய ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இயங்கி, மென்மயிர் ஆடுகளை வளர்த்து வருகிறது.

தாய்மார்களே! 2015 இல் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து போனஸ் கேட்டு வென்ற கைகள் உங்கள் கைகள். தோட்டத்தில் ஓய்வு பெறும் நாளில் லயத்து வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கையில் கற்ற தொழிலை எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆகவே ஞாயிறு தோறும் இச்சங்கக் கூடத்தில் ஒரு மணி நேரம் இப்பயிற்சி நடைபெற வேண்டும் என்று செயற்குழுவினரை வேண்டுகிறோம். நூல் அறிந்தோர் நூல் படிப்பிக்கட்டும்; நாம் நூல் பின்னக் கற்பிக்கிறோம்.