சான்றிதழுக்குக் கெடு எங்கே?



நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் பெருமை பேச மேடைகள் ஏராளம். நான் அவற்றின் கவுன்ட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தேறிய பிள்ளைக்கு வேலைக்கும் மேற்படிப்புக்கும் வேண்டியவை நாலைந்து தாள்கள்: தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட், உண்மைத்தன்மைச் சான்று. தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு விதி. அந்தக் கெடுவைக் கவுன்ட்டரில் எழுதி ஒட்டியிருப்பதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? சான்றிதழ் ஏன் வரவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை தண்டம். தாமதத்துக்கு விளக்கம் தரத் தவறினால் தண்டம் உண்டு, தாமதத்துக்கு இல்லை! கூடலூரில் படித்தவர் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வர வேண்டுமானால் மலையிறங்கி மருதமலை அடிவாரம் வரை வரவேண்டும். "கையெழுத்துக்குப் போயிருக்கிறது, அடுத்த வாரம் வாங்க" என்ற ஒரு பதிலில் அவர் இழக்கும் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் எந்தத் தணிக்கை அறிக்கையிலும் ஏறுவதில்லை.

ஆள் இல்லை என்பார்கள். உண்மைதான், காலிப் பணியிடங்களின் சுமையைத் தொகுப்பூதியக்காரர்கள் சுமக்கிறார்கள், அவர்களைத் திட்டுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையை மெய்ப்பிக்கப் பதிவான தாமதத்தைவிட வலுவான சாட்சி எது? கெடு தேதியில்லாத அலுவலகத்தில் தாமதமும் தெரியாது, பற்றாக்குறையும் தெரியாது. அவசரப்பட்டால் போலிச் சான்றிதழ் பெருகும் என்றும் ஒரு வாதம். போலியைப் பிடிப்பது சரிபார்ப்பு. கோப்பு மேசையில் கிடப்பதால் எந்தப் போலியும் பிடிபடாது. டிஜிலாக்கரில் பல்கலைக்கழகம் ஏற்றிய சான்றிதழை வேலை தருபவரே நொடியில் சரிபார்த்துக்கொள்ளலாம். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, எந்த நிலையில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்கிறோம். தாலுகா அலுவலகத்தால் முடிந்தது, கணினி அறிவியலையே பாடமாக நடத்தும் நிறுவனத்தால் முடியாதா?

மத்தியப் பிரதேசம் 2010இலேயே அரசுச் சேவைகளுக்குக் கெடு வைக்கும் சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், 500 வரை, இழப்பீடு வைத்தது. தொகை சின்னதுதான். ஆனாலும் மனுதாரர் கெஞ்சுகிறவராக இல்லாமல் பாக்கி கேட்கிறவராக நிற்கிறார். பல்கலைக்கழகக் கவுன்ட்டரிலும் மாணவர் அப்படித்தான் நிற்க வேண்டும். இதற்குச் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண்ணிட்ட ரசீது, அதில் கெடு தேதி, பொறுப்பு அலுவலரின் பெயர். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் நினைத்தால் ஒரே தீர்மானத்தில் முடியும். செனட் உறுப்பினர்கள் இந்த அரங்கில் இருந்தால் அவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: அடுத்த கூட்டத்தில் சிண்டிகேட்டிடம் இதைக் கோரும் தீர்மானத்தை வையுங்கள், எதிர்த்து வாக்களிப்பவர் யாரென்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.