கரு பதியும் பருவம்



பாலக்காட்டிலிருந்து நெல்லியாம்பதிக்கும், மூணாறிலிருந்து தேவிகுளத்துக்கும் செல்லும் மலைப்பாதைகளில், குட்டியை மார்போடு அணைத்து அமர்ந்திருக்கும் நாட்டுக் குரங்கை நாம் கண்டிருக்கிறோம். தீபகற்ப இந்தியாவுக்கே உரிய இவ்வினம், கருப்பையின் இயல்பை மனிதன் அறிய உதவிய உயிர்களுள் ஒன்றாகும். பொருளாதாரம் பயின்ற நான் இதனைப் பேச முற்பட்டதற்குக் காரணம் உண்டு. குடும்ப நலத் திட்டங்களை எண்ணிக்கைகளால் அளந்து பழகிய நாம், அவ்வெண்ணிக்கைகளுக்கு அடிப்படையான உடலியல் உண்மைகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நிலம் பதப்படாமல் விதை ஊன்றாது என்பதை உழவர் அறிவர். கருவுற்ற முட்டையும் அத்தகையதே. கருப்பையின் உட்சுவரை ஆயத்தம் செய்பவை இரண்டு ஹார்மோன்கள். மாதச் சுழற்சியின் முற்பாதியில் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், உட்சுவரின் செல்களைப் பெருக்கித் தடிக்கச் செய்கிறது. அடுத்து வரும் புரோஜெஸ்டிரோனை ஏற்கும் ஏற்பிகளையும் அங்கு உண்டாக்குகிறது. முட்டை வெளிப்பட்டபின், அது இருந்த பையே மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. இது செல்களின் பெருக்கத்தை நிறுத்தி, ஊட்டப்பொருள்களைச் சுரக்கச் செய்து, கருப்பைத் தசையையும் அமைதிப்படுத்துகிறது.

இவ்வரிசையும் காலமும் தவறலாகாது. பெண்களில் பெரும்பாலான கருக்கள், முட்டை வெளிப்பட்ட 8-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரையில் பதிகின்றன. பதிந்த கரு, தான் சுரக்கும் ஹார்மோனால் மஞ்சட் சுரப்பியை வாழவைக்கிறது. கரு பதியாவிடில், முட்டை வெளிப்பட்டுச் சுமார் இரண்டு வாரங்களில் அச்சுரப்பி ஒடுங்கி மாதவிடாய் நிகழ்கிறது.

எலியில் கரு பதிவதற்குச் சற்று முன்னர் மீண்டும் ஒருமுறை ஈஸ்ட்ரோஜன் சுரந்தாக வேண்டும். குரங்கிலும் அவ்வாறுதானா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் இந்திய அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரவீந்திரநாத், மௌட்கல் ஆகியோர், ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மருந்தை நாட்டுக் குரங்குகளுக்கு அளித்து, தொடக்கக் கருத்தரிப்புக்கு ஈஸ்ட்ரோஜன் தேவை என 1987-இல் முடிவு கூறினர். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கோஷ், சென்குப்தா குழுவினரோ, ரீசஸ் குரங்குகளில் சுழற்சியின் பிற்பாதியில் சூலகத்தின் ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோதும், புரோஜெஸ்டிரோனின் துணையால் கரு பதிந்து வளர்வதை 1994-இல் காட்டினர். மருந்தால் ஒரு ஹார்மோனைத் தடுப்பதும், அச்சுரப்பே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். எவ்வாறாயினும், புரோஜெஸ்டிரோன் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சென்ட்குரோமன், 1991-இல் 'சஹேலி' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 2016-இல் 'சாயா' என்னும் பெயரில் அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இடம்பெற்றது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ளும் மாத்திரை இது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் செயல்பட்டு, கருவின் வருகையும் உட்சுவரின் ஆயத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் செய்கிறது. குறித்த நாளில் மாத்திரை தவறலாகாது என்று சொல்லும் ஊழியர், அதன் காரணத்தையும் சொல்வாரானால் அறிவுரை மனத்தில் நிலைக்கும்.

எல்லைப்புறத் தேயிலைத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும், தமிழும் மலையாளமும் பேசும் குடும்பங்களிடையே பணிபுரியும் அலுவலர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். நல்ல உடல்நலமுள்ள தம்பதியரிடத்தும் எல்லா மாதங்களிலும் கரு பதிவதில்லை. குழந்தையின்மைக்கான காரணம் ஆணிடத்தும் இருத்தல் கூடும். ஆயினும் பழிச்சொல் பெண்ணையே சேர்கிறது. அவளைச் சோதனைக்கு அழைக்கும்போது கணவனையும் உடன் அழையுங்கள். கரு பதியாமை எவருடைய குற்றமும் அன்று என்பதை இருவருக்கும் அவர்கள் மொழியிலேயே விளக்குங்கள். அறிவியலின் பயன் கடைசி வீட்டைச் சென்றடையும் வழி அதுவேயாகும்.