வெயிலும் நம்ம சொத்து, குளமும் நம்ம சொத்து!

(கீழப்பாவூர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



ஆனி, ஆடியில சாரல் அடிக்கும்போது காத்தாடி சுத்துது. மத்த மாசமெல்லாம் வெயில் கொளுத்துது. காத்தையும் வெயிலையும் இயற்கை நமக்கு மாத்தி மாத்திக் கொடுக்குது. காத்தைக் கரண்டாக்கிட்டோம். வெயிலை என்ன செய்யப் போறோம்?

சூரிய மின்சாரம் வேணும். ஆனா பனையை வெட்டி, மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு மறிச்சுத்தான் வரணும்னா, அதைக் கேள்வி கேட்போம். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிச்சாச்சு. அது காகிதத்தோட நிக்கக் கூடாது.

இடமா இல்லை? குஜராத்தில் 2012-ல் வாய்க்கால் மேலேயே 750 மீட்டருக்குப் பேனல் போட்டாங்க. நிலமும் மிச்சம், தண்ணி ஆவியாகறதும் குறைஞ்சுது. சிங்கப்பூர்ல இரும்பு மரங்கள் செஞ்சு, அதுல கொடி படரவிட்டு, சில மரங்களின் உச்சியில் பேனல் வச்சாங்க. ஊரே வந்து பார்க்குது.

நமக்கு அவ்வளவு பெரிய செலவு வேண்டாம். குளக்கரை நடைபாதையில் 1,000 சதுர அடிக்குப் பேனலே கூரையா ஒரு நிழற்பந்தல். ஏறக்குறைய 10 கிலோவாட். நல்ல வெயில்ல நாளைக்கு 40 யூனிட் வரும். 20 வாட் விளக்கு நூறு, ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சாலும் 24 யூனிட்தான்! குளத்தை மட்டும் மூடக் கூடாது. மீனுக்கும் கொக்குக்கும் அந்த வெளிச்சம் வேணும். பாவூர்சத்திரம் சந்தைக் கூரை, பள்ளிக்கூட மாடி, பஸ் ஸ்டாண்டு, அங்கே போடுங்க.

பந்தல் வெறும் தகரக் கொட்டகை மாதிரி இருக்கணுமா? குற்றாலம் சித்திர சபைக்குப் போயிருப்பீங்க. சுவரெல்லாம் ஓவியம், முன்னால தெப்பக்குளம், பின்னால மலை. கலையையும் இயற்கையையும் ஒண்ணா வச்சுக் கட்டின மண்ணு இது. பந்தல் தூண்ல நம்ம பிள்ளைங்க பனையும் நாரையும் வரையட்டும். தான் வரைஞ்ச தூண்ல எந்தப் பிள்ளை போஸ்டர் ஒட்ட விடும்? நம்ம கட்சி போஸ்டருக்கும் அங்கே இடமில்லை, இப்பவே சொல்லிடுறேன்!

அடுத்த கிராம சபையிலும், பேரூராட்சியிலும் மனு கொடுங்க. மூணே கோரிக்கை: கூரையில் பேனல், கரையில் மரம், தூணில் ஓவியம்.

வெயில் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. அது ஊருக்கே பொது!



#கீழப்பாவூர் #தென்காசி