திரும்பி வரும் பிள்ளைக்கு ஓர் இடம்



நம்மில் ஒருவருக்கு இருதய அறுவை சிகிச்சை என்றால், பழப்பையோடு பத்துப் பேர் போய்ப் பார்த்து வருகிறோம். மனநலக் கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வீடு திரும்பினால் யாரும் போவதில்லை. குடும்பமும் சொல்வதில்லை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே என்ற பயம்.

சைக்கோசிஸ் எனும் மனப்பிறழ்வு பெரும்பாலும் படிப்பு, தேசிய சேவை, முதல் வேலை என்றிருக்கும் வயதில்தான் தலைகாட்டுகிறது. இல்லாத குரல் கேட்கும். எல்லார் மீதும் சந்தேகம் வரும். ஜின் சேட்டை என்று மட்டும் எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் குணமாவது கடினமாகும். ஓதிப் பார்ப்போம், துஆச் செய்வோம். மருத்துவரிடமும் உடனே போவோம். சிங்கப்பூர் மனநலக் கழகத்தில், தொடக்க நிலையிலேயே இந்நோயைக் கண்டு சிகிச்சை தர 2001 முதல் தனித் திட்டம் இயங்கி வருகிறது.

மருந்து குரல்களை அடக்கும். விட்டுப்போன கூட்டாளிகளையும் குலைந்துபோன தன்னம்பிக்கையையும் மீட்டுக் கொடுப்பது நம் பங்கு.

குரல்கள் அடங்கிய பின்னும் மாதக்கணக்கில் சோர்வு இருக்கலாம். பேச்சு குறையும், காலையில் எழுவதே பாடாக இருக்கும். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். அது நோயின் மிச்சம். வீட்டில் ஓயாமல் குறை சொன்னால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆகவே, சிறு வேலையிலிருந்து தொடங்குவோம். நோன்புக் கஞ்சி வழங்கும் இடத்தில் ஒரு மணி நேரம் டப்பாக்களுக்கு மூடி போடச் சொல்வோம். பெண் பிள்ளையானால் மகளிர் பிரிவு அப்படியே ஒரு பொறுப்பைக் கொடுக்கட்டும். "என்ன ஆச்சு?" என்று துருவ வேண்டாம். "நாளைக்கும் வாங்க தம்பி" என்றால் போதும். வராவிட்டால் கோபிக்காமல் ஒரு செய்தி அனுப்புவோம்.

நோன்பு நோற்கலாமா, மாத்திரையை எந்த நேரம் சாப்பிடுவது என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் நோய் கிளம்பக்கூடும். இரவெல்லாம் விழித்திருக்க வற்புறுத்தாதீர்கள். குணமாகிவிட்டது என்று நாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது.

ஐம்பது ஆண்டுகளாக இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தவர்கள் நாம். இனி இந்த வீடுகளுக்கும் போவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.