சக்கரத்தின் வர்ணம்



மோட்டார் காரைப் பற்றிப் பேசப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் விலையைப் பேசுவார்கள், வேகத்தைப் பேசுவார்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று விசாரிப்பார்கள். அவற்றுக்கு முன்னால் அற்பமென்று தோன்றக்கூடிய ஒரு விஷயத்தை இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: காரின் சக்கரங்களுக்கு எந்த வர்ணம் பூசுவது என்னும் ரசனை. காரின் உடல் நிறத்தை நிர்ணயிப்பது அதைச் செய்கிற கம்பெனி. அது நீட்டும் ஏழெட்டு நிறங்களுக்குள் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வதோடு நமது சுதந்திரம் முடிந்துவிடுகிறது. பின்னால் மனம் மாறி வேறு நிறம் பூசிக்கொண்டால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுச் சான்றிதழிலும் அதை மாற்றியாக வேண்டும். சக்கரத்தின் நிறத்துக்கோ அந்தச் சான்றிதழில் இடமே இல்லை. கம்பெனியும் சர்க்காரும் போக நம்முடைய சொந்த ருசிக்கென்று மிஞ்சியிருப்பவை அந்த நான்கு வட்டங்கள்தாம் என்பதால், அவற்றில் ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது அவருடைய ரசனையை அறிய நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

இதைப் பற்றிப் பேசக் கொங்கு நாட்டுக்கு விசேஷ உரிமை உண்டு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் ஜி.டி. நாயுடு அவர்கள் பஸ் ஓட்டத் தொடங்கிய நாள் முதலாக மோட்டார் என்பது இங்கே வெறும் வாகனமாக இருந்ததில்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய, முடிந்தால் நாமே செய்து பார்க்க வேண்டிய ஒரு வித்தையாக இருந்து வந்திருக்கிறது. எஸ். கரிவரதன் கோவையில் உட்கார்ந்து பந்தயக் கார்களைச் செய்தார். மாருதி காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கி, பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே எட்டியிருந்த அந்த விளையாட்டைச் சற்று மலிவாக்கினார். 1995இல் அகாலமாக மறைந்த அவருடைய பெயரைத் தாங்கித்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரரே. ஆகவே இங்கே ஒரு வாலிபன் தன் பழைய ஸ்விஃப்டின் சக்கரத்துக்கு நிறம் தேடி மூன்று கடை ஏறி இறங்குகிறான் என்றால், அதை வெறும் பகட்டென்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

மோட்டாருக்கு முந்திய காலத்திலும் சக்கரத்துக்கு வர்ணம் இருந்தது. பட்டிப் பொங்கலுக்கு மாடுகளின் கொம்புக்கு நீலமும் சிவப்பும் தீட்டும் கை, அப்படியே வண்டிச் சக்கரத்துக்கும் நகர்ந்துவிடும். குடத்துக்கு ஒரு நிறம், ஆரக்கால்களுக்கு ஒரு நிறம், வட்டைக்கு வேறொரு நிறம் என்று பூசி, இரும்புப் பட்டையை மட்டும் தெருவே தேய்த்துப் பளபளப்பாக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அத்தனை நிறங்களும் அங்கே பொருந்தியதற்குக் காரணம் மாட்டின் நடை. வண்டி போகிற வேகத்தில் ஆரக்கால்களை ஒன்றொன்றாக எண்ணலாம். ஒவ்வொரு நிறமும் தன் முறை வந்து முகம் காட்டிப் போகும். அதே அலங்காரத்தை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் சக்கரத்தில் செய்தால், எல்லா நிறங்களும் குழம்பி ஒரு சேற்று நிறந்தான் கண்ணுக்குத் தெரியும். காரின் உறுப்புகளில் கண் முன்னே ஓயாமல் சுழல்வது சக்கரம் ஒன்றுதான்; கடையில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும்போது அது எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் வர்ணத்தை முடிவு செய்கிறவர், விஷயத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்.

மேல்நாட்டிலும் சக்கரத்தின் நிறம் முதலில் உபயோகத்திலிருந்து பிறந்து, பிறகுதான் அலங்காரமாயிற்று. ஃபோர்டின் 'டி' மாடலுக்கு மரத்தாலான ஆரக்கால்கள் இருந்தன. ஆதியில் டயர்கூடக் கறுப்பாக இல்லை, வெளுப்பாகத்தான் இருந்தது. தேய்மானத்தைத் தாங்குவதற்காக ரப்பரோடு கரிப்பொடியைச் சேர்க்கத் தொடங்கிய பிறகே அது கறுத்தது. 1924இல் பிரான்சு தேசத்தில் புகாட்டி தமது பந்தயக் காருக்கு அலுமினியத்தை வார்த்து, பட்டையான எட்டுக் கால்களோடு ஒரு சக்கரம் செய்தார். இன்று நாம் அலாய் வீல் என்று சொல்வதற்கு அதுவே மூதாதை. அதற்கு வர்ணம் தேவைப்படவில்லை, உலோகத்தின் நிறமே போதுமாயிருந்தது. பின்னால் மக்னீசியத்தில் சக்கரம் வார்த்தபோது, அரிப்புக்குப் பயந்து அதைக் குரோமேட் திராவகத்தில் முக்கி எடுத்தார்கள். வெளியே வரும்போது அதற்கு ஒரு பொன்னிறம் ஏறியிருந்தது. பந்தயத் திடலில் அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்குப் பொன்னிறச் சக்கரமென்றாலே வேகம் என்றொரு எண்ணம் ஊறிவிட்டது. 1972இல் கறுப்பு உடலும் பொன்னிறச் சக்கரமுமாக வந்த லோட்டஸ் காரையும், தொண்ணூறுகளில் ரேலிப் பந்தயங்களில் நீல உடலும் பொன்னிறச் சக்கரமுமாகப் பாய்ந்த சுபாரு காரையும் இன்றும் மோட்டார் ரசிகர்கள் மறக்கவில்லை. பந்தயக்காரர்கள் வெளிர் நிறத்தை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் சொல்வதுண்டு: மயிரிழை போன்ற விரிசல் விட்டாலும் வெள்ளைச் சக்கரத்தில் மெக்கானிக்கின் கண்ணில் அது பட்டுவிடும்.

நம் நாட்டிலோ நெடுங்காலம் சக்கரத்துக்கு நிறம் தேடும் தொல்லையே இருந்ததில்லை. அம்பாசிடர் கார் 1958 தொடங்கி 2014 வரையில் வந்தது; இரும்புச் சக்கரம், அதன் நடுவே குரோமியம் பூசிய ஒரு வீல் கப், அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பதே டிரைவருக்கு மரியாதையாக இருந்தது.

இப்பொழுது நடப்பது கறுப்பின் ராஜ்யம். அவிநாசி சாலையில் ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். வெள்ளைக் கார், கறுப்புச் சக்கரம். சிவப்புக் கார், கறுப்புச் சக்கரம். கறுப்புக் காருக்கும் கறுப்புச் சக்கரம். வெள்ளைக்குக் கறுப்பு எடுப்பாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கறுப்புச் சக்கரத்தில் உள்ள குறை, அது டயரோடு கலந்து தன்னை மறைத்துக்கொள்வது. இருபது முப்பது ஆயிரம் கொடுத்து, கால் ஐந்தா பத்தா, நேரா வளைவா என்று தேடி வாங்கிய அந்த உருவம் பத்தடி தூரத்திலேயே அழிந்துபோய், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்தான் தெரிகிறது. வெளிர் நிறம் வட்டத்தைப் பெரிதாகக் காட்டும்; கறுப்பு அதைச் சிறிதாக்கி டயரைத் தடிப்பாகக் காட்டும். பெரிய சக்கரம் வேண்டுமென்று பணம் கொடுத்து வாங்கி, அதைக் கறுப்பால் சிறிதாக்கிக்கொள்வதில் என்ன லாபம்?

அடுத்தது நம் மண். கறுப்பு அழுக்கை மறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. நகரத்துத் தார்ச் சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு அது ஓரளவு உண்மையாகலாம். பல்லடம் பக்கமோ பொள்ளாச்சித் தோப்புகளுக்குள்ளோ ஒருமுறை போய் வந்தால், செம்மண் புழுதி கறுப்பின்மேல் மஞ்சள் பூசியதுபோல் படிந்து நிற்கும். ஒரு பட்டறையில் என் காதில் விழுந்த சம்பாஷணையைச் சொல்கிறேன். "ஏனுங்ணா, கறுப்பே அடிச்சிருங்க, அழுக்குத் தெரியாதுல்லங்க" என்றார் வந்தவர். "அடிச்சுத் தாரமுங்க. ஆனா வாரம் ரெண்டு தடவ நீங்கதானுங்க தொடைக்கோணும்" என்றார் பட்டறைக்காரர். இதற்கு மேல் ஒரு விமரிசனம் எழுத என்னால் ஆகாது.

வெள்ளைக்கும் வெள்ளிக்கும் வேறு விரோதி உண்டு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வந்து அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தால், பின் சக்கரம் ஓரளவு சுத்தமாகவும் முன் சக்கரம் கருங்காவி படிந்தும் இருக்கும். பிரேக்கின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது முன் சக்கரம் என்பதால், அங்கேதான் பிரேக் பட்டையும் இரும்புத் தட்டும் உராய்ந்து உதிர்கிற தூள் சூட்டோடு சூடாகச் சக்கரத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்த இரும்புத் தூள் துருப்பிடித்துப் பூச்சுக்குள் இறங்கிவிட்டால் சோப்பு நீருக்கு அசையாது. தூய வெள்ளைச் சக்கரத்தை விரும்புகிறவர்கள் இந்தக் காவியையும் சேர்த்தே விரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எந்த நிறந்தான் நல்லது என்று கேட்பீர்கள். வடமொழி அலங்கார சாஸ்திரத்தில் ஔசித்தியம் என்றொரு கொள்கை உண்டு. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்திலிருந்த க்ஷேமேந்திரர் அதற்கென்றே ஒரு நூல் செய்தார். எந்த அணியும் தன்னளவில் அழகோ அழகின்மையோ உடையதன்று, தனக்குரிய இடத்தில் பொருந்தினால்தான் அது அழகாகும் என்பது அவர் பக்ஷம். நெகமம் கடைவீதியில் சேலை எடுக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உடலின் நிறத்துக்குக் கரை எடுக்கிறதா, அடங்கிப்போகிறதா என்று கடையின் விளக்கொளியை நம்பாமல், சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் விலை பேசுவார்கள். காருக்குச் சக்கரம் கரை என்று வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். கரும்பச்சைக்கும் கருநீலத்துக்கும் பொன்னிறம் பொருந்தும்; ஆனால் கோயில் கலசம்போல் மின்னும் பொன்னிறமன்று, சற்று மங்கிய, வெண்கலத்தின் பக்கம் சாய்ந்த பொன்னிறம். சிவப்புக் காருக்குப் பொன்னிறம் பூசுவது கல்யாண மண்டபத்து வாசல் வளைவை ஞாபகப்படுத்துவதால் எனக்குச் சம்மதமில்லை. அதற்கு வெள்ளியே மேல். வெள்ளைக் காருக்கு, கடைக்காரர்கள் கன்மெட்டல் என்று சொல்லும் அடர்ந்த சாம்பல் நிறத்தை நான் சிபாரிசு செய்வேன்: செம்மண்ணும் பிரேக் தூளும் அதில் ஒருங்கே அடங்கிப்போகும், கால்களின் வளைவும் மறையாது, சுழலும்போது ஒரு மெல்லிய பளபளப்பு மட்டும் மிஞ்சும். உடலின் நிறத்தையே சக்கரத்துக்கும் பூசும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. சிறிய, உருண்டையான கார்களுக்கு அது தனி லட்சணத்தைக் கொடுக்கும், பெரிய வண்டிகளுக்கு வேண்டாம். பச்சை ஒளிவீசும் நிறங்களையும், நான்கு சக்கரத்துக்கு நான்கு நிறம் பூசும் விளையாட்டையும் பற்றி நான் பேசப்போவதில்லை.

நிறத்தைத் தேர்ந்த பிறகு பூசுகிற முறையையும் கவனிக்க வேண்டும். தெருவோரத்தில் டப்பாவிலிருந்து பீய்ச்சும் பூச்சு ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்குவது அரிது. நம் ஊர்த் தொழிற்பேட்டைகளில் இயந்திர உறுப்புகளுக்குச் செய்கிற பவுடர் கோட்டிங் முறையே சிறந்தது. டயரையும் காற்று அடைக்கும் வால்வையும் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, பொடிமணிகளை வேகமாக வீசி உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, சக்கரத்தைக் கொக்கியில் தொங்கவிடுகிறார்கள். மின்னூட்டம் பெற்ற வர்ணப் பொடி துப்பாக்கியிலிருந்து புகைபோல் வந்து, முன்புறம் மட்டுமன்றிக் கால்களின் பின்புறத்திலும் வளைந்து சென்று ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பது ஒரு தனி ஆனந்தம். அப்பொழுது அது மாவு தூவியதுபோல ஒளியின்றி இருக்கும். சுமார் 180 முதல் 200 டிகிரி வரை சூடேறிய உலையில் சில நிமிஷங்கள் நின்றபின், பொடி உருகிப் பரவி ஒரே தோலாக இறுகி, பளபளவென்று வெளியே வரும். அலாய் சக்கரத்துக்கு இதற்குமேல் சூடு ஆகாது. உலோகத்தின் பதம் கெடும். இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. நட்டு உட்காரும் குழிகளிலும், வண்டியோடு பொருந்தும் உட்புற முகத்திலும் வர்ணம் தடிப்பாக ஏறிவிட்டால், ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். கைதேர்ந்த பட்டறைக்காரர்கள் அந்த இடங்களைச் சூடு தாங்கும் நாடாவால் முன்கூட்டியே மறைத்துவிடுகிறார்கள்.

ஆகவே நேயர்களே, பொன்னிறமோ சாம்பலோ, என் பேச்சைத் தள்ளிவிட்டுக் கறுப்போ, எதை வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள். ஆனால் பூசக் கொடுக்கும்போதே நட்டுக் குழிகளை மறைக்கச் சொல்லுங்கள், சக்கரத்தை மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.