வசூலுக்கு முன் கணக்கு



சோனகத் தெருவில் மத்ரஸாவுக்காக நீங்கள் தட்டும் கதவு, 1990 ஒக்டோபர் 30இல் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதியாய் வாழ்ந்து மீண்டவருடையதாக இருக்கலாம். அவர் தரும் நூறு ரூபாயும் அமானிதமாகும்.

ஆகவே கேட்குமுன் செலவு மதிப்பீட்டை எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளுக்கு இலக்கமிடுங்கள். பணத்தை இருவர் எண்ணி வங்கியிலிடுங்கள். ஸகாத்தைக் கட்டட நிதியோடு கலக்காதீர்கள். அதற்குரிய எட்டுக் கூட்டத்தாரை அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுத்துள்ளது.

ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா (ரழி), தமக்குக் கிடைத்த அன்பளிப்பைத் தனியே எடுத்துக்கொண்டார். பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என நபி (ஸல்) அவர்கள் மிம்பரிலேயே வினவினார்கள்.

வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். கணக்குக் கேட்பவரிடம் கோபிக்காதீர்கள். அது அவரது உரிமை.