இதயம் காய்த்துப் போகாதிருக்க

(பொன்விழா ஆயத்தத் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை ஆற்றப்பட்ட உரை)



விழா நெருங்கிவிட்டது. கோவிலுக்கு வெள்ளையடித்தாயிற்று, தேருக்குப் புது வடமும் வந்தாயிற்று. நன்கொடையாளர் பட்டியல் வாசலில் தொங்குகிறது. (அதில் நம் பெயர் எத்தனையாவது என்று பார்க்காதவர் நம்மில் மிகச் சிலரே!) இன்று மாலை சற்று நேரம் நம் இதயத்தின் பக்கம் திரும்புவோம்.

புதிதாக மண்வெட்டி பிடிப்பவன் கை முதலில் கொப்புளிக்கும், எரியும். நாளாக ஆகத் தோல் தடித்துக் காய்த்துவிடும். பிறகு முள் குத்தினாலும் உறைக்காது. கை சூம்பிய மனிதனை ஓய்வுநாளில் குணமாக்கலாமா என்று ஆண்டவர் செபக்கூடத்தில் கேட்டபோது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய இதயக் கடினத்தைக் கண்டு அவர் சினந்தார், வருந்தவும் செய்தார் என்று மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அங்கே அவர் கையாளும் கிரேக்கச் சொல், உடம்பில் ஓரிடம் இப்படித் தடித்து இறுகிப் போவதற்கும் வழங்கிய சொல்தான். கைக்குக் காய்ப்பு நல்லது. அதே காய்ப்பு இதயத்தில் ஏறினால் அடுத்தவன் வலி நமக்கு எட்டாது.

கடின இதயம் என்றதும் நமக்குப் பாரவோன் நினைவு வருகிறது. அவனைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் யாத்திராகமம் பதினேழாம் அதிகாரத்தில், தண்ணீர் இல்லையென்று மோயீசனோடு சண்டையிட்டவர்கள் யார்? செங்கடலைக் கடந்தவர்கள், மன்னா உண்டவர்கள். கடவுள் நம்மோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டவர்களும் அவர்களே. ஐந்து அப்பத்தின் புதுமையைக் கண்ட அன்றிரவே சீடர்களின் உள்ளம் மழுங்கியிருந்தது என்று அதே மாற்கு சொல்கிறார். ஆகவே இது பீடத்துக்கு அருகிலேயே வரும் நோய். திருச்சபை தன் அன்றாடக் கட்டளைச் செபத்தின் தொடக்கமாக 94-ஆம் சங்கீதத்தை (புதிய எண்ணிக்கையில் 95) வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. அந்தப் பாலைவனச் சண்டையை நினைவூட்டி, இன்றே அவர் குரலுக்குச் செவிகொடுக்கச் சொல்லும் சங்கீதம் அது. குருக்களும் துறவியரும் நாள்தோறும் கேட்கவேண்டிய எச்சரிப்பு என்றால், நமக்கு எவ்வளவு தேவை!

நம் நாட்டுச் சரித்திரத்திலிருந்தே ஒன்று சொல்வோம். வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகிய அவர் 1752-இல் காற்றாடிமலையில் உயிர் கொடுத்தார்; 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அதே ஊரில், 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் எப்படி இருந்தது தெரியுமா? பீடம் ஒன்று, அதை நோக்கி இரண்டு நீண்ட மண்டபங்கள், சாதி பார்த்து அமர்ந்தவர்களுக்கு இடையே சுவர். வேதசாட்சியின் ஊர், திருக்குடும்பத்தின் பெயர், நடுவிலே சுவர்! 1910-இல் அது இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து, பழைய ஏற்பாடு வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். மன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சுவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் செபமாலை சொல்லாதவர்களா, நன்மை வாங்காதவர்களா? பிறந்தது முதல் பார்த்துப் பழகிய சுவர் அவர்கள் கண்ணில் உறுத்தவில்லை, அவ்வளவுதான். அவர்களைக் குறைசொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று நாம் இன்னும் பேசுவதில்லையா?

சாதியை விடுவோம், வீட்டுக்குள் வருவோம். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இக்கோவிலிலும் இருக்கலாம். முதல் வருடம் மனம் குத்தியிருக்கும். இரண்டாம் வருடம் அம்மா இறந்த நாளில் மட்டும் குத்தியிருக்கும். இப்போது ஒன்றுமில்லை, நிம்மதி என்கிறார்கள். அந்த நிம்மதியைத்தான் நாம் அஞ்சவேண்டும். திருப்பலியில் சமாதானம் பரிமாறும் நேரத்தில் நாம் கைகூப்பி வலப்பக்கம் வணங்குகிறோம். இடப்பக்கம் அவர் நிற்பதால் கழுத்து திரும்புவதில்லை. சற்று நேரத்தில் நற்கருணை வாங்க அதே வரிசையில் போகிறோம்.

ஜூபிலி என்ற சொல்லே லேவியர் ஆகமத்திலிருந்து வந்தது. ஐம்பதாம் ஆண்டு விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். கொட்டும் விருந்தும் அங்கே சொல்லப்பட்ட முதல் காரியம் அல்ல. கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயம் தருவதாக எசேக்கியேல் வழியாக வாக்களித்தவர் ஆண்டவர். நம்மால் அதைச் செய்துகொள்ள முடியாது. ஆனால் நோகிறது என்று அவரிடம் சொல்ல முடியும். நோகவே இல்லையென்றால், அதையாவது சொல்ல முடியும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்பார்கள். வரும் வழியில் எந்த வீட்டு வாசலில் முதலில் நிற்கவேண்டும் என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.